ஸ்கைரிமா, விட்சர் 3 ஆ? வன்னியில் ஒரு கணினியை வைத்திருப்பவர் எதை முதலில் எடுப்பது

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாதங்களில், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் உள்ள இளைஞர்கள் கணினி விளையாட்டுகளைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுள் அடிக்கடி வருவது இதுதான்: "அண்ணை, ஸ்கைரிமோ விட்சரோ, எதை முதல் இறக்கிறது?" கேள்வி சிறியது, அதன் பின்னால் இருக்கும் கணக்கு சிறியதன்று. வீட்டுக்கு ஒரு கணினி, அதுவும் அக்காவின் பல்கலைக்கழக ஒப்படைக்கும் தம்பியின் ஸூம் வகுப்புக்கும் பொதுவானது. டேட்டாவோ மாதத்துக்கு இவ்வளவு என்று அளந்து வருவது. இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, பிடித்ததைத் தொடர்ந்து விளையாடலாம் என்பது இங்கு பலருக்கு நடவாத காரியம். ஆகவே முதலில் எடுப்பது எது என்பதை யோசித்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இரண்டும் திறந்த உலக ஆர்பிஜி வகையைச் சேர்ந்தவை, அதாவது ஒரு பாத்திரமாகவே மாறி, பரந்த உலகில் விரும்பிய இடத்துக்குப் போய் விளையாடுபவை; இரண்டிலும் வாளும் மந்திரமும் பனிமலையும் உண்டு. அமெரிக்காவின் பெதெஸ்டா நிறுவனம் 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 5: ஸ்கைரிம்' விளையாட்டை 2011 நவம்பர் 11 அன்று வெளியிட்டது, அதன் மேம்படுத்திய 'ஸ்பெஷல் எடிஷன்' 2016இல் வந்தது. போலந்தின் சிடி ப்ரொஜெக்ட் ரெட் நிறுவனம் 'தி விட்சர் 3: வைல்ட் ஹண்ட்' விளையாட்டை 2015 மே 19 அன்று வெளியிட்டது. அது போலந்து எழுத்தாளர் ஆன்ட்ஷே சப்கோவ்ஸ்கியின் கதைகளில் வரும் கெரால்ட் என்ற வேட்டைக்காரனை நாயகனாகக் கொண்டது. பத்தாண்டுகளுக்கு மேல் கடந்தும் இவ்விரண்டும் புதியவர்களை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. பழையவை என்பது நமக்கு நன்மையே. இன்றைய விளையாட்டுகள் கேட்கும் இயந்திரத்தை இவை கேட்பதில்லை, விலையும் இறங்கியிருக்கிறது.

முதலில் இயந்திரத்தைப் பார்ப்போம்; அது ஒத்துவராவிட்டால் மற்ற நியாயங்களைப் பேசிப் பயனில்லை. ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனுக்கு 8 ஜீபி நினைவகமும் ஹார்ட் டிஸ்கில் 12 ஜீபி இடமும் வேண்டும் என்று பெதெஸ்டா குறிப்பிட்டது. விட்சர் 3 வெளிவந்தபோது 6 ஜீபி நினைவகமும் 35 ஜீபி இடமும் கேட்டது. 2022 டிசம்பரில் வந்த பெரிய மேம்படுத்தலுக்குப் பிறகு அந்த இடம் 50 ஜீபியாகிவிட்டது. இரண்டுமே தனியான கிராபிக்ஸ் கார்ட் வேண்டும் என்றுதான் எழுதியிருக்கின்றன. ஆனாலும் தனிக் கார்ட் இல்லாத சாதாரண லப்டொப்பில், தெளிவைக் குறைத்து வைத்தால், ஸ்கைரிம் பெரும்பாலும் ஓடிவிடும்; விட்சர் 3 அத்தகைய லப்டொப்பில் நொவிகிராட் என்ற பெருநகரத்துக்குள் நுழையும்போது திணறத் தொடங்கும். காரணம் இரண்டும் கட்டப்பட்ட விதத்தில் இருக்கிறது. ஸ்கைரிமில் நகரங்களும் வீடுகளும் கதவுக்குப் பின்னால் தனித்தனியே ஏற்றப்படுகின்றன. ஒவ்வொரு கதவிலும் சற்றுக் காத்திருக்க வேண்டும், ஆனால் உள்ளே போனபின் கணினிக்குச் சுமை குறைவு. விட்சரில் நகரத்தின் சந்தடி முழுவதும் காத்திருப்பின்றி ஒரே வெளியாக விரிகிறது; அந்த அழகின் விலையைக் கிராபிக்ஸ் கார்ட் கட்டுகிறது. இதற்கு ஒரு வழியும் உண்டு. 2022க்கு முந்திய 1.32 பதிப்பை, விளையாட்டுகளை விற்கும் இணையத் தளங்களான ஸ்டீமிலும் ஜிஓஜியிலும் தெரிவு செய்துகொள்ள முடியும். நடுத்தரக் கணினி வைத்திருப்பவர்கள் புதிய பதிப்போடு மல்லுக்கட்டாமல் அதையே எடுப்பது நல்லது. 2022இல் சேர்த்த ஒரு துணைப்பணி மட்டும் அதில் இராது; மூலக்கதையில் ஒரு வரியும் குறையாது.

12 ஜீபிக்கும் 50 ஜீபிக்கும் இடையிலான தூரம் நம்முடைய ஊர்களில் வெறும் எண் வித்தியாசம் அன்று. மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ காட்டோரத்தில் வீடு இருந்து, கைபேசிச் சிக்னலை நம்பி இணையம் எடுப்பவருக்கு, ஸ்கைரிம் சில இரவுகளில் இறங்கிவிடும். விட்சரோ மாதத்துக்கான இரவு டேட்டாவின் பெரும்பகுதியைத் தனியே கொண்டுபோகும். ஜிஓஜி தளத்தில் வாங்கினால் ஒரு வசதி உண்டு. நிறுவுவதற்கான கோப்புகளைத் தனியாக இறக்கி, பென்ட்ரைவில் எடுத்துப்போய், இணையமே இல்லாத கணினியிலும் நிறுவலாம். விட்சர் தொடக்கத்திலிருந்தே அங்கு கிடைக்கிறது, ஸ்கைரிமும் 2022இலிருந்து அங்கு இருக்கிறது. யாழ்ப்பாணத்திலோ வவுனியா நகரத்திலோ ஃபைபர் இணைப்புள்ள உறவினர் வீடு இருப்பவர்களுக்கு இதுவே சரியான வழி. நிறுவிய பிறகு இரண்டுக்குமே இணையம் தேவையில்லை. இரண்டும் தனியாள் விளையாட்டுகள்.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022இல் நாடு முழுவதும் அனுபவித்த நீண்ட மின்வெட்டுகள் இப்போது இல்லையென்றாலும், மாரிகாலத்தில் மரம் முறிந்து கம்பியில் விழுந்தால் விளக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாத இடங்கள் நம்முடையவை. யூபிஎஸ் இல்லாத மேசைக்கணினியில் விளையாடுபவருக்கு ஸ்கைரிம் பாதுகாப்பானது. சண்டையின் நடுவிலும் எஃப்5 விசையை அழுத்திச் சேமித்துவிடலாம். விட்சரில் சண்டை நடக்கும்போதும் கதைக்காட்சி ஓடும்போதும் சேமிக்க முடியாது, காட்சிகளோ சில வேளைகளில் நீளமானவை. லப்டொப் வைத்திருப்பவர்கள் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

அடுத்தது ஆங்கிலம். இரண்டிலும் தமிழ் இல்லை. தமிழ்மொழி மூலம் படித்த ஒருவர் ஸ்கைரிமை அரைகுறை ஆங்கிலத்தோடும் விளையாடி மகிழ முடியும். போகவேண்டிய இடத்தைத் திசைகாட்டியில் ஓர் அம்புக்குறி காட்டும், பெரும்பாலான உரையாடல்கள் சுருக்கமானவை, பதில் தெரிவு செய்யும்வரை எதிரே நிற்பவர் காத்திருப்பார். விட்சர் 3 பேச்சினால் ஆன விளையாட்டு. நாட்டார் வழக்கும் வசையும் நையாண்டியும் கலந்து பேசுகிறார்கள், சில பதில்களைக் குறித்த நேரத்துக்குள் தெரிவு செய்ய வேண்டும், தாமதித்தால் அந்த மௌனமே பதிலாகிவிடும். முதல் பத்து மணித்தியாலமும் பலருக்குக் கடினமாக இருக்கும். ஆனால் அதன் குறிப்பேட்டில், நடந்தவை எல்லாம் டான்டிலையன் என்ற பாடகன் சொல்வதுபோல் பத்தி பத்தியாக எழுதப்பட்டிருக்கும். காதால் பிடிக்க முடியாததை ஆறுதலாக வாசித்துப் பிடித்துக்கொள்ளலாம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் குறிப்பேட்டை வாசித்து முடிப்பவரின் ஆங்கில வாசிப்பு கட்டாயம் முன்னேறும் என்று நம்புகிறேன். பல்கலைக்கழகத்தில் திடீரென்று ஆங்கிலவழிக் கற்கைக்கு மாறப்போகும் பிள்ளைகளுக்கு அது சிறிய இலாபமன்று.

இனி விளையாட்டுக்குள்ளே போவோம். ஸ்கைரிமின் உயிர் அதன் சுதந்திரம். தலை வெட்டப்படுவதற்காக வண்டியில் கொண்டுபோகப்படும் கைதியாக நீங்கள் தொடங்குகிறீர்கள். டிராகன் ஒன்று வந்து ஊரை எரிக்க, குழப்பத்தில் தப்புகிறீர்கள். குகையிலிருந்து வெளியே வந்தவுடன் பைன் மரக்காடும் ஆறும் முன்னால் விரிகின்றன, அதன் பிறகு உங்களை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. பத்து இனங்களில் ஒன்றைத் தெரிவு செய்து, முகத்தையும் பெயரையும் நீங்களே வைத்துக்கொள்ளலாம். பதினெட்டுத் திறன்கள் உண்டு. எதைச் செய்கிறீர்களோ அது வளரும். வில்லை எடுத்தால் வில், பூட்டைத் திறந்தால் பூட்டு, உலையில் இரும்பை அடித்தால் கொல்லுவேலை. ரிவர்வுட் கிராமத்துக் கொல்லனிடம் கத்தி அடிக்கப் பழகுவதிலேயே ஒரு மாலைப்பொழுதைக் கழிக்கலாம். உலகை அழிக்க வந்த டிராகன் அதுவரை காத்திருக்கும். எங்கே ஒரு மலை தெரிகிறதோ அங்கே ஏறிப்போகலாம், ஏறினால் அங்கே ஏதோ ஒன்று நிச்சயம் இருக்கும். நடப்பதையே இன்பமாக்கிய விளையாட்டு என்று இதைத் தயங்காமல் சொல்வேன்.

விட்சரில் நீங்கள் கெரால்ட். அதை மாற்ற முடியாது. நரைத்த தலையும் பழைய காதல்களும் பழைய பகைகளும் உள்ள ஒருவனின் வாழ்க்கையை, அதன் நடுவில் ஏறி, நீங்கள் நடத்துகிறீர்கள். வளர்ப்பு மகளான சிரியைத் தேடுவதே அவனுடைய வேலை. வழியில் ஊர் மன்றில் இருக்கும் அறிவித்தல் பலகையைப் பார்த்து, கூலிக்குப் பேய்பிசாசுகளை வேட்டையாடுவது அவனுடைய தொழில். கூலியைப் பேரம் பேசலாம். பேரம் பேசும்போது எதிரே நிற்பவர் யார் என்பதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சிலர் மகளின் சீதனத்துக்கு வைத்திருந்ததை எடுத்து நீட்டுவார்கள். வாங்குவதா விடுவதா என்பது உங்கள் கையில். சண்டையிலும் ஆயத்தம் வேண்டும். எந்தப் பிசாசுக்கு எந்த எண்ணெயை வாளில் பூசுவது, எந்த மந்திரக்குறியைப் பயன்படுத்துவது என்று வாசித்துவிட்டுப் போனால் வெல்லலாம். வாள்வீச்சைப் பொறுத்தவரை விட்சர் ஸ்கைரிமைவிடக் கூர்மையானது. ஸ்கைரிமின் சண்டை எளிமையானது, சில நேரம் சலிப்பூட்டுவது. சீட்டாட்டப் பிரியர்களுக்கு விட்சருக்குள்ளே க்வென்ட் என்ற தனி விளையாட்டே இருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் எந்த ஊரிலிருந்து ஒப்பிடுபவரும் சொல்லக்கூடியது. வன்னியிலிருந்து விளையாடும்போது வேறொரு விடயம் முன்னுக்கு வருகிறது. இரண்டு விளையாட்டுகளும் போர் நடக்கும் நாட்டில் நடக்கின்றன. அந்தப் போரை ஒவ்வொன்றும் எங்கே நின்று காட்டுகிறது என்பதுதான் என் பார்வையில் இவ்விரண்டுக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு.

ஸ்கைரிமில் பேரரசுக்கும் அதற்கெதிராக எழுந்த ஸ்டோர்ம்க்ளோக் படைக்கும் இடையே உள்நாட்டுப் போர். நீங்கள் ஒரு பக்கம் சேரலாம், கோட்டைகளைப் பிடிக்கலாம், போரை முடித்து வைக்கலாம். அதை முடிக்காமல் விட்டால், ஒரு கட்டத்தில் மலை உச்சியிலுள்ள துறவிகளின் மடத்தில் இரு தரப்பும் பேச்சுவார்த்தைக்கு அமர்கின்றன. நடுவராக நீங்கள் இருந்து, மார்கார்த் நகரத்தை இவர்களுக்குக் கொடுத்தால் ரிஃப்டனை அவர்களுக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கிறீர்கள். அந்த நகரங்களில் குடியிருப்பவர்கள் எவரும் அந்த மேசையில் இல்லை. ஆட்சி கைமாறியபின் அங்கு போய்ப் பார்த்தால், அரண்மனையில் இருப்பவர் மாறியிருப்பார், காவலர்களின் சீருடை மாறியிருக்கும். சந்தையில் மரக்கறி விற்பவரின் நாள் முன்போலவே போகும். போர் அங்கே மேலேயிருந்து பார்க்கும் ஒன்று.

விட்சரில் போர் காலடியில் கிடக்கிறது. நில்ஃப்கார்ட் பேரரசின் படை வடக்கே ஏறிக்கொண்டிருக்கிறது. வெலன் என்ற பகுதி இரு படைகளுக்கும் நடுவில் சிக்கி, ஆளுவோர் இல்லாமல், மரங்களில் தூக்கிலிடப்பட்டவர்களோடு கிடக்கிறது. தொடக்கக் கிராமமான வைட் ஓர்ச்சர்ட்டிலேயே இதன் சாயல் தெரிந்துவிடும். படைக்கு வேலை செய்தான் என்பதற்காக ஒரு குள்ளனின் கொல்லுப்பட்டறையை ஊரான் ஒருவன் இரவில் கொளுத்திவிடுகிறான். கொளுத்தியவனை நீங்கள் கண்டுபிடித்துக் கொடுத்தால், படையினர் அவனைத் தூக்கிலிடுகிறார்கள். கொல்லன் ஊரில் எல்லோருக்கும் அந்நியனாகிறான். நீதி கிடைத்ததா என்று விளையாட்டு உங்களிடம் கேட்பதில்லை. அடுத்த முறை அந்த வழியால் போகும்போது ஊர்ச்சனம் உங்களைப் பார்க்கும் பார்வை மட்டும் இருக்கிறது. போர் முடிந்தபின்னும் யார் யாருக்கு வேலை செய்தார்கள் என்ற பேச்சு ஊர்களில் எவ்வளவு காலம் நீடிக்கும் என்று அறிந்தவர்களுக்கு அந்தப் பார்வையை விளக்க வேண்டியதில்லை.

இரண்டையும் மிக நெருக்கமாக ஒப்பிட ஓர் இடம் இருக்கிறது. இரண்டு விளையாட்டுகளிலும் 'மிஸ்ஸிங் இன் அக்ஷன்' என்ற ஒரே பெயரில் ஒரு துணைப்பணி உண்டு. இரண்டும் போரில் காணாமற்போன ஒருவரைத் தேடுவது. ஸ்கைரிமில், வைட்ரன் சந்தையில் ஃப்ராலியா என்ற முதிய தாய், தன் மகன் தொரால்ட் இறக்கவில்லை, எங்கோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். பேரரசை ஆதரிக்கும் பக்கத்துக் குடும்பம் அவளை ஏளனம் செய்கிறது. அவர்களின் வீட்டில் ஒளித்து வைத்திருக்கும் கடிதத்தை நீங்கள் எடுத்தால், தாய் சொன்னது உண்மை என்பதும் மகன் தூரத்துக் கோட்டை ஒன்றில் அடைக்கப்பட்டிருக்கிறான் என்பதும் தெரியவரும். அவனை மீட்கலாம். ஆனால் அவனால் வீட்டுக்கு வர முடியாது. வந்தால் குடும்பத்துக்கு ஆபத்து. தாய்க்கும் மகனுக்கும் மட்டுமே தெரிந்த ஒரு வாக்கியத்தை உங்களிடம் சொல்லி அனுப்புகிறான், அதைக் கேட்டுத்தான் அவள் நம்புகிறாள்.

விட்சரில், டூன் என்பவன் போர்க்களத்தில் அழுகிக் கிடக்கும் பிணங்களுக்கு நடுவே தன் தம்பி பாஸ்தியனைத் தேடுகிறான். பிணந்தின்னிகளின் பயத்தால் தனியே போக முடியாமல் கூலிக்கு உங்களைக் கூப்பிட்டிருக்கிறான். கேடயம் ஒன்றில் தொடங்கி, வீட்டு நாயின் மோப்பத்தைத் தொடர்ந்து போனால், தம்பி ஒரு குடிசையில் காயத்தோடு உயிருடன் இருக்கிறான். பக்கத்தில் இருப்பவன் எதிரிப் படையின் சிப்பாய். இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டு அங்கே கிடந்திருக்கிறார்கள். அந்தச் சிப்பாயையும் வீட்டுக்குக் கூட்டிப்போவதா, விட்டுவிட்டுப் போவதா என்று அண்ணனுக்கு நீங்கள் ஆலோசனை சொல்ல வேண்டும்.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், 2017 பெப்ரவரி 20 முதல், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தங்கள் பிள்ளைகளின் படங்களோடு வீதியோரத்தில் அமர்ந்த நாட்டில் இருந்துகொண்டு இந்த இரண்டு பணிகளையும் விளையாட்டாக மட்டும் கடந்துபோக என்னால் முடியவில்லை. இதில் ஸ்கைரிமின் பணியே என்னை அதிகம் தாக்கியது என்பதையும் சொல்ல வேண்டும். ஊர் முழுவதும் நம்ப மறுத்த தாய் சொன்னது உண்மையாக இருந்தது என்பதை அது காட்டுகிறது. ஆனால் ஸ்கைரிமில் அப்படியான இடங்கள் மூலைகளில் ஒதுங்கியிருக்கின்றன. தேடாதவர் ஃப்ராலியாவைக் காணாமலே விளையாட்டை முடித்துவிடலாம். விட்சரில் அவை வழி முழுவதும் இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு போக முடியாது.

வெலனின் கைவிடப்பட்ட கிராமங்களைப் பற்றியும் நம்மவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். பேய்களோ கொள்ளையரோ குடியிருக்கும் வெறும் ஊர்களை நீங்கள் துப்புரவாக்கினால், திரை சற்று இருண்டு, அடுத்த கணம் சனங்கள் திரும்பி வந்துவிடுவார்கள். கடை திறந்திருக்கும், கொல்லன் வேலையில் இருப்பான். நல்ல எண்ணத்தோடு வைத்த காட்சிதான். ஆனால் மெனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்படும்வரை காத்திருந்தவர்களும், காணியில் கண்ணிவெடி அகற்றி முடியும்வரை தரப்பாள் கொட்டிலில் இருந்தவர்களும், மீள்குடியேற்றம் அப்படி ஒரு கணத்தில் நடப்பதில்லை என்பதை அறிவார்கள். மனிதர்களைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு எழுதிய விளையாட்டு, அவர்கள் திரும்பி வரும் வேளையில் அவசரப்பட்டுவிட்டது என்பது எனக்கு இன்றும் உள்ள குறை. ஸ்கைரிமில் அந்த அளவும் இல்லை. எரிந்துபோன ஹெல்கன் ஊர் கடைசிவரை எரிந்தபடியே கிடக்கும்.

இந்தக் காரணத்தாலேயே வயது பற்றி ஒரு சொல். 2009இல் போரின் கடைசி மாதங்களைத் தாமே கடந்து வந்தவர்கள், இப்போது இருபதுகளின் பிற்பகுதியிலும் முப்பதுகளிலும் இருப்பவர்கள், வெலனைத் தொடங்கும் முன் யோசிக்க வேண்டும். அது அவர்களுக்கு ஆறுதலாகவும் இருக்கலாம், தாங்க முடியாததாகவும் இருக்கலாம். குடிகாரச் சிற்றரசன் ஒருவன் காணாமற்போன மனைவியையும் மகளையும் தேடித் தரும்படி கேட்கும் நீண்ட கதை வெலனில் இருக்கிறது. அவர்கள் ஏன் போனார்கள் என்பது அவிழ அவிழ, அடிபட்ட பெண்ணின் வாழ்க்கையும் பிறக்காமற்போன பிள்ளையும் வெளியே வருகின்றன. நான் அறிந்த கணினி விளையாட்டுக் கதைகளில் அதற்கு இணையாக மிகச் சிலவே உண்டு. முடிவைச் சொல்லமாட்டேன். நீங்கள் வேறோர் இடத்தில் எடுத்த ஒரு தீர்மானம் பல மணித்தியாலங்களுக்குப் பிறகு அந்தக் குடும்பத்தின் மேல் வந்து விழும் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். மனம் பாரமாக இருக்கும் காலத்தில் விளையாடத் தேடுபவர், பனியில் நடப்பதற்கு ஸ்கைரிமுக்கே போகட்டும்.

அமெரிக்கத் தரப்படுத்தலில் இரண்டுமே 17 வயதுக்கு மேற்பட்டோருக்கானவை. ஆனால் கணினி வீட்டு விறாந்தையில், எல்லோரும் நடமாடும் இடத்தில் இருந்தால் ஒரு வித்தியாசம் உண்டு: விட்சரில் நிர்வாணமும் படுக்கையறைக் காட்சிகளும் இருக்கின்றன, ஸ்கைரிமில் அவை இல்லை. சின்னத் தம்பி தங்கைகள் பக்கத்தில் குந்தியிருந்து பார்க்கும் வீட்டில் ஸ்கைரிமே பொருத்தம்.

உருவாக்குவதில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கும் நான் ஸ்கைரிமையே காட்டுவேன், இதில் எனக்கு இரண்டாம் எண்ணமில்லை. பெதெஸ்டா தன் உருவாக்கக் கருவியான கிரியேஷன் கிட்டை 2012இலேயே இலவசமாகக் கொடுத்துவிட்டது. அன்றிலிருந்து உலகெங்கும் உள்ளவர்கள் புதிய ஊர்கள், புதிய கதைகள், திருத்தங்கள் என்று மோட்களை, அதாவது விளையாடுபவர்களே செய்து சேர்க்கும் மாற்றங்களை, குவித்துக்கொண்டிருக்கிறார்கள். 'எண்டெரல்' என்ற முழு விளையாட்டையே ஜெர்மன் குழு ஒன்று ஸ்கைரிமின் மேல் கட்டி 2016இல் வெளியிட்டது. 'தி ஃபொர்கொட்டன் சிட்டி' என்பது 2015இல் ஒரு மோட்டாகத் தொடங்கி, ஆஸ்திரேலிய எழுத்தாளர் சங்கத்தின் விருதைப் பெற்று, 2021இல் தனி விளையாட்டாகவே வந்தது. ஒரு குளக்கட்டை எழுப்பி, அலைகரையில் மருதமரங்களை நட்டு, துருசடியில் ஒரு காவற்காரரை நிறுத்தி, அவர் வாயில் நாலு வரி உரையாடலை வைப்பது வரைக்கும் கிரியேஷன் கிட்டில் ஒருவர் தனியாகப் பழகிவிடலாம். அதைச் செய்யும்போது நிலம் அமைப்பதும் நிரல் எழுதுவதும் கூடவே கைவரும். விட்சருக்கும் ரெட்கிட் என்ற கருவி 2024இல் இலவசமாக வந்தது. அது வலிமையானதுதான், ஆனால் அது கேட்கும் கணினி பெரியது, பழக உதவும் பாடங்களும் இன்னும் குறைவு.

எவ்வளவு காலம் ஓடும் என்று கேட்டால், விட்சருக்கு முடிவு உண்டு, ஸ்கைரிமுக்கு இல்லை. விட்சரின் 'ஹார்ட்ஸ் ஒஃப் ஸ்டோன்', 'பிளட் அண்ட் வைன்' என்ற இரண்டு விரிவாக்கங்களும் தனித்தனியே நல்ல கதைகள். முழுவதையும் நிதானமாக முடிக்க நூறு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். அதன் பிறகு மூடி வைத்துவிடலாம். ஸ்கைரிம் புதிது புதிதாகப் பணிகளைத் தந்துகொண்டே இருக்கும். தொழில்நுட்பக் கல்லூரி தொடங்க இரண்டு மாதமே இருக்கிறது, அதற்குள் ஒன்றை முழுதாக முடித்துவிட்டுப் படிப்புக்குப் போக வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைக்கு, முடிவுள்ள விட்சர் உகந்தது. வேலைக்குப் போய்க்கொண்டே ஞாயிறு மாலைகளில் மட்டும் அமர்பவருக்கு, கதை மறந்துபோனாலும் குறையாத ஸ்கைரிம் உகந்தது.

ஆகவே என் தீர்மானம் இப்படி வருகிறது. கிராபிக்ஸ் கார்ட் உள்ள கணினி, பதினெட்டைத் தாண்டிய வயது, வாசிக்கப் பொறுமை ஆகிய மூன்றும் இருந்தால் விட்சர் 3ஐ முதலில் எடுங்கள். போரைச் சாதாரணச் சனங்களின் பக்கம் நின்று சொல்லும் ஒரு படைப்பை, நம்முடைய வரலாறுள்ள இளைஞர்கள் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நான் உண்மையிலேயே விரும்புகிறேன். மூன்றில் எது குறைந்தாலும் ஸ்கைரிமில் தொடங்குங்கள். அது இரண்டாந்தரமான தெரிவு அன்று, வேறு வகையான இன்பம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. ஸ்கைரிமுக்கு ஸ்பெஷல் எடிஷன் போதும்; 'டோன்கார்ட்', 'ஹார்த்ஃபயர்', 'டிராகன்போர்ன்' என்ற மூன்று விரிவாக்கங்களும் அதனுள்ளேயே இருக்கின்றன. 2021இல் வந்த அனிவர்சரி எடிஷனுக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை, அதில் வரும் மேலதிகங்கள் தொடங்குபவரைக் குழப்பவே செய்யும். விட்சருக்கு இரண்டு விரிவாக்கங்களும் சேர்ந்த கம்ப்ளீட் எடிஷனை எடுக்க வேண்டும். தனித்தனியே வாங்கினால் செலவு கூடும். ஸ்டீம், ஜிஓஜி இரண்டிலும் ஆண்டில் பல தடவை கழிவு விற்பனை வருகிறது, இவை இரண்டும் பழைய விளையாட்டுகள் என்பதால் அந்நாட்களில் விலை முழு விலையின் சிறு பங்குக்கு இறங்கிவிடும். முழு விலை கொடுத்து அவசரப்பட வேண்டாம். கட்டணத்துக்கு வெளிநாட்டுக் கொடுக்கல்வாங்கல் அனுமதிக்கப்பட்ட டெபிட் கார்ட் வேண்டும். உங்களுடையதில் அது இல்லாவிட்டால் கழிவு நாள் வருவதற்கு முன்பே வங்கிக் கிளையில் கேட்டுத் திறந்து வையுங்கள்.